லடாக்கில் சிவந்த வானம்.. மல்லாங்கிணற்றில் ஏன் தெரியல? ஆதித்யா எல்1 செய்வது என்ன?

2024 மே 10 இரவு. லடாக்கின் ஹன்லே பகுதி வானம் செக்கச்செவேல்னு மாறியது. பெரும்பாலும் துருவப் பகுதிகளில் மட்டுமே தெரியும் அரோரா அது. அதே இரவு விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணற்றில் மொட்டை மாடியில் படுத்திருந்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஏன்?

அரோரா எப்படி வருது?

சூரிய வெடிப்பில் கிளம்பும் மின்னூட்டத் துகள்களை பூமியின் காந்தப்புலம் துருவங்கள் பக்கம் திருப்பிவிடுகிறது. அங்கே ஆக்சிஜன், நைட்ரஜனில் மோதும்போது ஒளி பிறக்கிறது. நம்ம ஊரோ நிலநடுக்கோட்டுக்குப் பக்கம்.

அப்போ நமக்கென்ன கவலை?

1989 மார்ச்சில் இப்படியொரு சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணம் சுமார் 9 மணி நேரம் இருளில் மூழ்கியது. இங்கே மின்கம்பிகளுக்கு ஆபத்து குறைவு. ஆனால் செயற்கைக்கோள்கள் பாதிக்கப்படலாம், போனில் ஜிபிஎஸ் தடுமாறலாம்.

ஆதித்யா எல்1 என்ன செய்யுது?

2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆளில்லா விண்கலம் இது. அப்போது திட்ட இயக்குநராக இருந்தவர், செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் நின்று, 7 கருவிகளால் சூரியனைக் கவனிக்கிறது. பூமிக்கு வரும் துகள்கள் முதலில் இதைத் தாண்டித்தான் வர வேண்டும். அதனால் முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்க வழி உண்டு. செயற்கைக்கோள்களைப் பாதுகாக்க அந்தக் கொஞ்ச நேரம்தான் முக்கியம்.

அதுக்காக, நாளைக்கு உங்க தெருவில் கரண்ட் போனால் சூரியனைத் திட்டாதீங்க மக்களே!