இரவில் மிதிவண்டி ஓட்டுவோருக்கான தலைக்கவச விளக்கு: தேர்ந்தெடுத்தலும் பொருத்துதலும்

தலைக்கவச விளக்கு என்பது மிதிவண்டி ஓட்டுபவரின் தலைக்கவசத்தில் பொருத்தப்படும் சிறிய மின்கல விளக்காகும். ஓட்டுபவர் தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் அதன் ஒளியும் திரும்பும். விடியுமுன் பாலும் செய்தித்தாளும் கொண்டு செல்வோர், இரவுப் பணி முடிந்து திரும்பும் ஆலைத் தொழிலாளர்கள், காவலாளிகள், மாலைச் சிறப்பு வகுப்பு முடிந்து வீடு திரும்பும் மாணவர்கள் எனப் பலர் தெருவிளக்கு இல்லாத சாலைகளில் மிதிவண்டியில் செல்கின்றனர். அவர்களுக்கு இவ்விளக்கு பயன்படும். ஆயினும், தவறான முறையில் பொருத்தினால் தலைக்கவசம் தரும் பாதுகாப்பு குறைந்துவிடும். தலையைக் காப்பதே கவசத்தின் முதற்பணி. விளக்கைத் தாங்குவது அதற்கு அடுத்தது. இதை மனத்திற்கொண்டே பின்வரும் வழிமுறைகளைப் பின்பற்றவும்.

தலைக்கவச விளக்கு மட்டும் போதுமா?

போதாது. இதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, நிழல். சாலையில் உள்ள பள்ளத்தையும் கல்லையும் அவற்றின் நிழலைக் கொண்டே நம் கண் அடையாளம் காண்கிறது. கண்ணுக்கு மிக அருகிலிருந்து ஒளி வரும்போது, நிழல் பொருளுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. அதனால் பள்ளமும் சமதரைபோலத் தோன்றும். தாழ்வாக உள்ள ஹேண்டில்பார் விளக்கு நீண்ட நிழலை உண்டாக்கிப் பள்ளத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது, பனியும் மழையும். கண்ணருகே உள்ள ஒளி, நீர்த்துளிகளில் பட்டு நேராகக் கண்ணுக்கே திரும்பி வருவதால், எதிரே வெண்திரை விரித்தாற்போல் ஆகிவிடும்.

மூன்றாவது, நீங்கள் பக்கவாட்டில் பார்க்கும்போது எதிரே வருபவருக்கு உங்கள் விளக்கு தெரியாமல் போகலாம். பின்னால் வரும் வாகனத்திற்கோ அது எப்போதும் தெரிவதில்லை.

எனவே, செலவிடக்கூடிய தொகை குறைவாக இருப்பின், முதலில் ஹேண்டில்பாரில் வெள்ளை விளக்கும் இருக்கைக்குப் பின்னால் சிவப்பு விளக்கும் வாங்கவும். பெடல்களிலும் கணுக்காலிலும் பிரதிபலிக்கும் பட்டைகளை ஒட்டவும் அல்லது கட்டவும். மேலும் கீழும் அசையும் ஒளியைக் கண்டவுடன், முன்னே செல்பவர் மிதிவண்டி ஓட்டும் மனிதர் என்பதை வாகன ஓட்டிகள் விரைவில் உணர்வர். தலைக்கவச விளக்கை இவற்றுக்குப் பிறகே சேர்க்க வேண்டும். சாலைத் திருப்பங்களைப் பார்ப்பதற்கும், கழன்ற சங்கிலியை இருட்டில் மாட்டுவதற்கும் அது பேருதவியாக இருக்கும்.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

ஒளியின் அளவு: விளக்கின் ஒளி 'லூமென்' என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. தெருவிளக்குள்ள சாலைக்கு ஏறத்தாழ 100 லூமென் போதும். முற்றிலும் இருண்ட சாலைக்கு 200 முதல் 400 லூமென் வரை பொருத்தமானது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்பவர் ஆபத்தைக் கண்டு, பிரேக் பிடித்து, நிற்பதற்குள் ஏறத்தாழ 11 மீட்டர் கடந்திருப்பார். 20 கி.மீ. வேகத்தில் இது 16 மீட்டராகும். ஈரச் சாலையில் இன்னும் அதிகமாகும். உங்கள் விளக்குகள் அந்தத் தொலைவுவரை சாலையைத் தெளிவாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வேகத்தைக் குறைப்பதே வழி. மிகையான ஒளியும் தீங்கானது. அது எதிரே வருபவரின் கண்ணைக் கூசச்செய்து, அவரை உங்கள்மீதே மோத வைக்கக்கூடும். கைக்குள் அடங்கும் மலிவு விளக்கின் பெட்டியில் பல்லாயிரம் லூமென் என்று அச்சிடப்பட்டிருந்தால் அதை நம்பாமல், இருண்ட இடத்தில் எரியவிட்டுப் பார்த்து வாங்கவும்.

எடை: தலையில் ஏறும் ஒவ்வொரு கிராமையும் கழுத்துத் தசைகள் சுமக்கின்றன. மின்கலத்துடன் சேர்த்து 100 கிராமுக்கு உட்பட்ட விளக்கே நல்லது. பெரிய மின்கலம் உள்ள விளக்காயின், மின்கலத்தைச் சட்டைப்பையிலோ தோள்பையிலோ வைத்து, இழுத்தால் எளிதில் கழன்றுவிடும் இணைப்பு உள்ள கம்பியைப் பயன்படுத்தவும்.

எரியும் நேரம்: நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒளி நிலையில் எவ்வளவு நேரம் எரியும் என்பதைக் கேட்டறியவும். பயண நேரத்தைப்போல் ஒன்றரை மடங்காவது எரிய வேண்டும்.

நீர்த்தடுப்பு: 'ஐபிஎக்ஸ் 4' என்ற குறியீடு, எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரை விளக்கு தாங்கும் என்பதைக் குறிக்கும். மழைக்காலப் பயணத்திற்கு இது குறைந்தபட்சத் தேவை.

நெற்றிப்பட்டை டார்ச்: வயல்வேலைக்குப் பயன்படும் நெற்றிப்பட்டை டார்ச்சைத் தலைக்கவசத்திற்கு உள்ளே அணியக் கூடாது. கவசம் தலையில் சரியாக அமராது. விழுந்தால் டார்ச் நெற்றியில் அழுந்திக் காயப்படுத்தும்.

பொருத்தும் முறை

1. முதலில் தலைக்கவசத்தைச் சரியாக அணியவும். அதன் முன்விளிம்பு புருவத்திற்கு மேல் இரண்டு விரல் அளவில் இருக்க வேண்டும். வார்கள் காதுக்குக் கீழே இணைய வேண்டும். தாடைக்கும் வாருக்கும் இடையே ஒரு விரல் அல்லது இரண்டு விரல் மட்டுமே நுழைய வேண்டும்.

2. விளக்கைக் கவசத்தின் நடுக்கோட்டில், முன்பகுதியிலோ உச்சியிலோ வைக்கவும். பக்கவாட்டில் வைத்தால் கவசம் ஒருபுறம் சாயும்.

3. காற்றுத்துளைகளின் வழியே வெல்க்ரோ பட்டையைக் கோத்துக் கட்டவும். விளக்கு கவசத்தை ஒட்டித் தாழ்வாக அமர வேண்டும். விழும்போது அது தரையில் சிக்கிக்கொள்ளாமல் கழன்று வந்துவிட வேண்டும். உயரமாக நீட்டிக்கொண்டிருக்கும் கெட்டியான தாங்கி, விழும்போது தலையைத் திடீரெனத் திருப்பிக் கழுத்தைக் காயப்படுத்தக்கூடும்.

4. கவசத்தில் துளையிடக் கூடாது. திருகாணி முடுக்கக் கூடாது. கடும் பசைகளையும் வண்ணப்பூச்சையும் தவிர்க்கவும். மோதலின் விசையை வாங்கிக்கொள்வது கவசத்தின் உள்ளே இருக்கும் தெர்மகோல் போன்ற நுரை அடுக்கு. சில பசைகளில் உள்ள கரைப்பான்கள், வெளியே தெரியாதபடி அந்த அடுக்கை அரித்துவிடும்.

5. கம்பி இருந்தால் அதைக் கவசத்தின் பின்புறமாகக் கொண்டு செல்லவும். கழுத்தைச் சுற்றிவர விடக் கூடாது.

6. மிதிவண்டியில் வழக்கம்போல் அமர்ந்து, வீட்டார் ஒருவரை 10 மீட்டர் தொலைவில் நிற்கச் சொல்லவும். நீங்கள் நேராகப் பார்க்கும்போது, ஒளியின் நடுப்பகுதி அவருடைய இடுப்புக்குக் கீழே விழ வேண்டும். அவர் கண் கூசினால் விளக்கை இன்னும் தாழ்த்தவும்.

7. தலையை இருபுறமும் மேலும் கீழும் அசைத்துப் பார்க்கவும். விளக்கோ கவசமோ நகர்ந்தால் பட்டையை மீண்டும் இறுக்கவும்.

மோட்டார் வாகனத் தலைக்கவசத்தில் பட்டை கோக்கத் துளைகள் பெரும்பாலும் இருப்பதில்லை. அத்தகைய கவசம் அணிவோர் ஹேண்டில்பார் விளக்கையே பயன்படுத்தவும்.

உடல்நலக் குறைபாடு உள்ளோர் கவனத்திற்கு

கண் நோய்கள்: போதிய ஒளி இருந்தும் இரவில் சாலை மங்கலாகத் தெரிந்தால், அல்லது எதிர்வரும் விளக்கைச் சுற்றி வளையங்கள் தெரிந்தால், இன்னும் பெரிய விளக்கு வாங்குவது தீர்வாகாது. கண்புரை, கண் நீர் அழுத்த நோய், நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பு, வைட்டமின் ஏ குறைபாடு ஆகியவை இதற்குக் காரணமாகலாம். அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் கண் பரிசோதனை செய்துகொள்ளவும். பரிசோதனை முடியும்வரை இரவுப் பயணத்தைத் தவிர்க்கவும்.

நீரிழிவு: இன்சுலின் அல்லது சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எடுத்துக்கொள்வோர் உணவு உண்ணாமல் புறப்படக் கூடாது. சர்க்கரைத் துண்டுகளோ குளுக்கோஸோ கையில் இருக்கட்டும்.

வலிப்பு நோய்: வலிப்பு கட்டுப்பாட்டுக்குள் வராதவர்கள் மிதிவண்டி ஓட்டலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். வலிப்பு நோயாளிகளில் சிலருக்கு மினுங்கும் ஒளி வலிப்பைத் தூண்டும். அவர்கள் விளக்கை விட்டுவிட்டு மினுங்கும் நிலையில் வைக்காமல், தொடர்ந்து எரியும் நிலையிலேயே வைக்கவும்.

கழுத்து வலி: கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளோரும், கை மரத்துப்போகும் தொல்லை உள்ளோரும் தலையில் எடையேற்ற வேண்டாம். ஹேண்டில்பார் விளக்கே அவர்களுக்கு ஏற்றது.

மருந்துகள்: சளி, அரிப்பு ஆகியவற்றுக்குத் தரப்படும் சில மாத்திரைகள் உறக்கத்தைத் தூண்டும். அவற்றை உட்கொண்ட இரவில் ஓட்டுவதைத் தவிர்க்கவும்.

பராமரிப்பாளர்கள் கவனத்திற்கு

சிறிய விளக்குகள் பலவற்றில் காசு வடிவப் பட்டன் மின்கலங்கள் உள்ளன. குழந்தை அதை விழுங்கினால், உணவுக்குழாயில் சிக்கி 2 மணி நேரத்திற்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கும். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே போதும். அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும். வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது. திருகாணியால் மூடப்படும் மின்கல அறை உள்ள விளக்கையே வாங்கவும். பழைய மின்கலங்களைக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, முறையாக அகற்றவும்.

மின்னேற்றம் செய்யும் விளக்குகளைப் படுக்கையின் மீது வைத்தோ, இரவு முழுவதும் கவனிப்பாரின்றியோ மின்னேற்றம் செய்யக் கூடாது. உப்பிய அல்லது சூடேறும் மின்கலத்தை உடனே பயன்பாட்டிலிருந்து நீக்கவும்.

கீழே விழ நேர்ந்தால்

தலைக்கவசம் தரையில் மோதியிருந்தால், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் அதை மாற்றவும். உள்ளடுக்கு ஒருமுறை நசுங்கினால் மறுமுறை காக்காது. விளக்கு நல்ல நிலையில் இருந்தால் புதிய கவசத்தில் பொருத்திக்கொள்ளலாம்.

பின்வரும் அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழைக்கவும்:

• சிறிது நேரமாவது நினைவிழத்தல், குழப்பம், வழக்கத்திற்கு மாறான உறக்கம்
• மீண்டும் மீண்டும் வாந்தி, அதிகரிக்கும் தலைவலி
• வலிப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல்
• காது அல்லது மூக்கு வழியே இரத்தமோ தெளிந்த நீரோ வடிதல்

கழுத்து வலி இருப்பவரின் தலைக்கவசத்தை இழுத்துக் கழற்றாமல், அசையாது படுக்கவைத்து உதவி வரும்வரை காத்திருக்கவும். அவர் மூச்சுவிடச் சிரமப்பட்டால் மட்டும், ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் மெல்லக் கழற்றலாம். வார்ஃபரின், குளோபிடோகிரல், ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்வோர், தலையில் அடி சிறியதாகத் தோன்றினாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றவர்களும் முதல் 24 மணி நேரம் தனியாக இருக்கலாகாது.

தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் காயமடைந்தோருக்கு, 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், திட்டத்தில் இணைந்துள்ள அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை, வரையறுக்கப்பட்ட தொகைக்கு உட்பட்டுக் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. மிதிவண்டியில் சென்று விபத்துக்குள்ளானோரும் இதைப் பெறலாம். செலவை எண்ணிச் சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.