பீலியிலிருந்து சிங்க் வரை

சமையலறை சிங்க்கை வரலாற்றுப் பொருளாக யாரும் எழுதுறதில்லை. ஊவாத் தோட்டங்களைப் பொறுத்தவரை அது வரலாறுதான் என்பது எங்கள் வாதம்.

பதுளை, பசறை, அப்புத்தளைப் பக்க லயங்களில் பாத்திரம் கழுவ வீட்டுக்குள் இடமே கிடையாது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, அங்கே அடுப்பு. தண்ணிக்கு லயத்துக்கே பொதுவான பீலி. கொழுந்து நிறுத்துட்டு வந்த பொம்பளைங்க, கரிப்பானைகளோடு அங்கே வரிசையில் நிற்பார்கள். கவ்வாத்து மலையிலிருந்து சுமந்து வந்த மிலாறு எரிந்த சாம்பலும் தேங்காய்த் தும்பும்தான் அந்தக் காலத்து விம். (நாங்கள் கலைப்பீடம்தான்; ஆனாலும் சொல்றோம்: விறகுச் சாம்பலில் காரம் இருக்கு, அது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும்.) பானை மினுங்குதான்னு பார்த்துத்தான் மருமகளை எடை போட்டார்கள் அப்பாயிமார்.

பிறகு வீடுகளுக்குச் 'சில்வர்' வந்தது. பேரில்தான் வெள்ளி. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், துப்பாக்கிக் குழல் தேயாமல் இருக்க உலோகம் தேடிய ஹரி பிரியர்லிக்குக் கிடைத்த துருப்பிடிக்காத உருக்கு அது. அதில் உள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் போடும். மினுக்கத்தைக் காப்பாற்றுவது அந்தப் படலம்தான், நம்ம கைப்பலம் இல்லை.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்த பிறகு, தனிவீட்டுக் கோரிக்கை இன்னும் உரத்தது. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கு 4,000 வீடுகள். ஒரு வீடு 550 சதுர அடி, சமையலறை தனியாக. லயத்திலேயே இருப்பவர்கள் இன்னும் ஏராளம்.

குழாய்த் தண்ணியும் சிங்க்கும் வந்த வீடுகளிலும் கை மட்டும் பழைய கைதான். கரிப்பானையைத் தேய்த்த அதே அழுத்தத்தில், கம்பி நாரால் சிங்க்கைத் தேய்க்கிறோம். கீறல் விழும், கீறலில் அழுக்கு தங்கும். நாரிலிருந்து உதிரும் இரும்புத்தூள் துருப்பிடிக்க, "சிங்க் துருப்பிடிச்சிருச்சு"ன்னு கடைக்காரருக்குத் திட்டு. குளோரின் கலந்த திரவத்தை ஊற்றி ஊற வைத்தால் சின்னச்சின்னக் குழி விழும். மென்மையான பஞ்சு, கொஞ்சம் சவர்க்காரம், உருக்கின் கோடு போகும் திசையிலேயே தேய்ப்பு, இவ்வளவு போதும். வெள்ளைப் படிவுக்கு வினாகிரி தடவிக் கழுவுங்க. கடைசியில் காய்ந்த துணியால் துடைங்க.

துடைக்கிறது பெரும்பாலும் இன்னும் அம்மாதான். பீலியில் அவங்களுக்குப் பக்கத்தில் பேச நாலு பேர் இருந்தாங்க. சிங்க்குக்கு முன்னால் இப்போ சுவர்.