ஹைபிரிட் காரின் தண்ணீர்ப் பம்பி: கந்தளாய்க் கராஜிலிருந்து சில கணக்குகள்

போர்க்காலத்தில் திருகோணமலைக்கும் கொழும்புக்கும் இடையில் வான் ஓட்டியவர்களுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரியும். ஓடும்போது சூடேறாத வாகனம் சோதனைச்சாவடி வரிசையில் நிற்கும்போது சூடேறும். கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் கந்தளாய் வெயிலுக்குள் ஊர்ந்து ஊர்ந்து நின்று, ஆவி பறக்கும் ரேடியேற்றர் மூடியைத் துணியால் திறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்கள் பலர்.

காரணம் எளிது. அந்த வாகனங்களின் தண்ணீர்ப் பம்பி பெல்ற்றில் ஓடியது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் பம்பியும் வேகமாகச் சுற்றும், எஞ்சின் மெதுவாக உறுமிக்கொண்டு நின்றால் பம்பியும் சோம்பிவிடும். பல வாகனங்களில் விசிறியும் அதே பெல்ற்றில்தான். மறுபக்கம், எஞ்சின் 1500 சுற்றிலிருந்து 6000 சுற்றுக்குப் போனால் பம்பியின் வேகம் 4 மடங்கு. அது விழுங்கும் வலுவோ கணக்குப்படி 64 மடங்கு. தேவைப்படும்போது போதாது, தேவையில்லாதபோது வீண்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் மின்சாரத்தில் ஓடும் பம்பி. பி.எம்.டபிள்யூ 2004 அளவில் தன் ஆறு சிலிண்டர் எஞ்சினில் 200 வாற்று மின்பம்பியைப் பொருத்தியது. ரொயோட்டா 2009இல் வந்த மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் பெல்ற்றையே எடுத்துவிட்டது. 2011 டிசம்பரில் யப்பானில் வெளியான அக்குவாவும் அதே வழி. நமது வீதிகளில் வாடகைக்கு ஓடும் கார்களில் கணிசமானவை இவைதான்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்த கார்களையே இழுத்து இழுத்து ஓட்டினோம். பத்து வயதைத் தாண்டிய அக்குவாக்களின் பம்பிகள் இப்போது ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு சம்பூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவரின் அக்குவாவை இழுத்துவந்து என் கராஜில் விட்டார்கள். 2006இல் இடம்பெயர்ந்து முகாமில் வளர்ந்து ஊர் திரும்பியவர். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் அனுப்பிய முற்பணம், மிச்சம் லீசிங். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கிப் பிழைப்பு. அக்போபுரவுக்கு அப்பால் இரவில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கிறது. யானை நடமாடும் இடம், நிறுத்தப் பயம். "கார் ஓடிக்கொண்டுதானே இருந்தது அண்ணே" என்றார். ஹைபிரிட் காரின் வஞ்சகம் அதுதான். எஞ்சின் வெந்துகொண்டிருந்தாலும் பற்றரி கொஞ்சத் தூரம் அமைதியாகத் தள்ளிக்கொண்டு போகும். ஹெட் காஸ்கற் போய், சிலிண்டர் ஹெட்டும் வளைந்திருந்தது. மூன்று லீசிங் தவணை பிந்தியது.

பெல்ற் பம்பி சாகுமுன் கத்தும், ஒழுகும், ஆடும். மின்பம்பி பெரும்பாலும் சொல்லாமல் சாகும். ஆகவே அதைத் தெரிவு செய்யும்போது முதற்கேள்வி எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்பதல்ல, நின்றுபோனால் எனக்கு எப்படித் தெரியும் என்பதே.

அடுத்தது, எந்தப் பம்பி? இந்தக் கார்களில் இரண்டு உண்டு. ஒன்று எஞ்சினைக் குளிர்விப்பது. மற்றது சிறியது, இன்வேர்ட்டரைக் குளிர்விப்பது. இரண்டுக்கும் தனித்தனித் தண்ணீர்ச் சுற்று. ஒன்று பழுதாக மற்றதை மாற்றிக் காசு வாங்கிய கதைகள் உண்டு. ஸ்கானரில் பி0ஏ93 என்று வந்தால் இன்வேர்ட்டர் பக்கம் பாருங்கள். பி261பி, பி148எஃப் என்றால் எஞ்சின் பம்பிப் பக்கம். பிரியஸில் இன்வேர்ட்டர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து பார்த்தாலே போதும். காரை இயங்கு நிலையில் வைத்ததும் உள்ளே தண்ணீர் சுழல வேண்டும். அசையாமல் கிடந்தால் பம்பி ஓடவில்லை. 2004 முதல் 2009 வரையான பிரியஸ்களின் இந்தச் சின்னப் பம்பிக்காக ரொயோட்டா 2012 நவம்பரில் கார்களைத் திரும்ப அழைத்தது.

எஞ்சின் பம்பி என்று உறுதியானால், என் தெரிவு ஐசின் போன்ற மூல உற்பத்தியாளரின் புதிய பம்பி. விபத்துக் காரில் கழற்றியது மலிவுதான், ஆனால் அதுவும் உங்கள் பழைய பம்பியின் வயதுடையதே. பெயரில்லாத பெட்டியில் வருவதை வாங்குவதானால் ஒன்றைப் பாருங்கள்: இந்தப் பம்பியின் வேகத்தைக் காரின் கணினிதான் ஆள்கிறது. இணைப்பான் பொருந்துவதாலேயே கணினியின் பேச்சை அது கேட்கும் என்றில்லை.

புதுப் பம்பி போட்டும் அதே பி148எஃப் வந்தால் பம்பியைத் திட்டாதீர்கள். உள்ளே காற்று நின்றால் பம்பி சுமையின்றி வெறும் சுற்றுச் சுற்றும், கணினி அதைப் பழுது என்று எழுதும். ஸ்கானர் மூலம் பம்பியைத் தனியே ஓடவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். நிரப்ப வேண்டியது ரொயோட்டாவின் இளஞ்சிவப்புக் கூலன்ற், கிணற்றுத் தண்ணீர் அல்ல. நமது பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கேத்தலில் படிய விடும் வெள்ளைச் சுண்ணாம்பை நினைத்துப் பாருங்கள்; ரேடியேற்றர் குழாய்க்குள்ளும் அதுதான் நடக்கும். நிறுவனக் கணக்கில் புதுக் காரின் கூலன்ற் முதலில் 160,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டும், பிறகு 80,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை.

இன்னொரு வகையினரும் வருகிறார்கள். எஞ்சின் வலுவைக் கூட்டிய காருக்குப் பெல்ற் பம்பியைக் கழற்றிவிட்டு மின்பம்பி போட விரும்பும் இளைஞர்கள். அவர்களுக்கு ஒரு கணக்கு. பெற்றோலின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு வேலையாகிறது, இன்னொரு பங்கு புகையோடு போகிறது, கிட்டத்தட்ட அதேயளவு தண்ணீருக்குள் வருகிறது. ஆகவே 150 கிலோவாற்று, அதாவது 200 குதிரைவலு எஞ்சின் முழு மூச்சில் ஓடும்போது தண்ணீரும் 150 கிலோவாற்று அளவு வெப்பத்தைச் சுமக்க வேண்டியிருக்கும். உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வருவதற்கும் 10 பாகை வித்தியாசம்தான் இருக்கலாம் என்றால் நிமிடத்துக்கு 215 லீற்றர் ஓட வேண்டும். 20 பாகை விட்டுக்கொடுத்தால் அதில் பாதி.

அவுஸ்திரேலிய டேவிஸ் கிரெய்க் நிறுவனத்தின் பம்பிகளில் 80, 115, 150 என்று இருப்பது நிமிடத்துக்கான லீற்றர்தான். ஆனால் அந்த வகை எண்களை எஞ்சின், ரேடியேற்றர், குழாய் வளைவுகள் எல்லாவற்றின் தடையையும் தாண்டிக் கிடைக்கும் அளவாக நினைக்கக்கூடாது. உண்மையில் ஓடுவது குறைவு. திருகோணமலை வீதியில் யாரும் நிமிடக்கணக்கில் முழு மூச்சில் ஓடுவதில்லை என்பதால் 115 தாங்கும். கட்டுக்குருந்தைப் பந்தயத் தடத்துக்குப் போகிறவர் 150ஐயும் ஐயத்தோடு பார்க்க வேண்டும்.

வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 10 அம்பியர் இழுக்கும் பம்பிக்கு மெல்லிய வயர் கொடுத்தால் வழியிலேயே வோல்ற் விழும், தண்ணீரும் குறையும். தனி ரிலே, தனி பியூஸ், நல்ல நில இணைப்பு. பம்பி ரேடியேற்றரின் கீழ்க் குழாயில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். காற்றை இழுத்தால் இந்தவகைப் பம்பி எதையும் தள்ளாது. கூடவே வரும் கட்டுப்படுத்தியை வாங்காமல் விடாதீர்கள். எஞ்சின் நின்றபின்னும் ஓரிரு நிமிடம் தண்ணீரைச் சுற்றவிடுவது அதுதான், மின்பம்பியின் பெரிய நன்மையே அதில்தான் இருக்கிறது. குதிரைவலு கூடும் என்ற விளம்பரத்தை நான் பொருட்படுத்துவதில்லை. பம்பிக்கான மின்சாரமும் அதே எஞ்சின் சுற்றும் ஓல்ரனேற்றரிலிருந்துதான் வருகிறது.

பெல்ற் பம்பி ஒழுங்காக ஓடும் குடும்பக் காரில் இதைச் செய்யச் சொல்லி யாராவது கேட்டால் மறுத்துவிடுவேன். வரும் கூலி போனாலும் பரவாயில்லை.

அக்குவாவில் சூடு காட்டும் முள் இல்லை. எஞ்சின் குளிராக இருக்கும்போது நீல விளக்கு, மிஞ்சிய சூட்டில் சிவப்பு விளக்கு, இடையில் ஒன்றுமில்லை. ஸ்ரியரிங்குக்குக் கீழுள்ள ஸ்கானர் துவாரத்தில் செருகி வெப்பநிலையை எண்ணில் காட்டும் சிறு மானிகள் விற்கிறார்கள். 85 முதல் 95 வரை நின்றால் ஓட்டலாம். 100ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ஏசியை நிறுத்தி, ஆட்கள் உள்ள இடத்தில் ஓரங்கட்டுங்கள். 105க்கு மேல் யானையோ இருட்டோ, கதவைப் பூட்டிக்கொண்டு எஞ்சினை நிறுத்திவிட்டு உதவிக்கு அழையுங்கள். மூடியைத் திறக்க அரை மணி நேரமாவது பொறுங்கள். அழுத்தம் இருக்கும்வரை 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும் தண்ணீர், மூடி திறந்த கணத்தில் முகத்துக்கு வரும்.

சம்பூர்த் தம்பி அந்த மானியை இப்போது டாஷ்போர்டில் ஒட்டி வைத்திருக்கிறார். தவணை இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.