யாரைக் கேட்டு மாத்தினான்? - தானாக வரும் அப்டேட்டின் கதை

ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்த செல்போன், காலையில் வேறு முகத்தோடு எழுந்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் பாட்டிக்கு அது நடந்தது. அழைப்பு வந்தால் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று கஷ்டப்பட்டுப் பழகியிருந்தார். ஒரு நாள் காலையில் அமுக்கினால் ஒன்றும் ஆகவில்லை, இழுக்க வேண்டுமாம். அன்று முழுக்க ஒரு அழைப்பையும் எடுக்க முடியாமல், கடைசியில் என்னிடம் கேட்டார்: "யாரைக் கேட்டு மாத்தினான்?"

நல்ல கேள்வி. பதில் தேடப் போனால் இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகப் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

முதலில் கம்ப்யூட்டர். 1998ல் விண்டோஸ் 98 வந்தபோது 'விண்டோஸ் அப்டேட்' என்ற வசதியும் கூடவே வந்தது. ஆனால் அது ஒரு கடை மாதிரி. வேண்டும் என்றால் நாம்தான் போய் வாங்கி வர வேண்டும். 2000ல் வந்த விண்டோஸ் மி-யில்தான் அப்டேட் தானாகவே வீடு தேடி வரும் ஏற்பாடு சேர்ந்தது. அப்போது பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை.

பொருட்படுத்த வைத்தவை புழுக்கள் (வோர்ம்). 2001 ஜூலையில் 'கோட் ரெட்' பதினான்கு மணி நேரத்துக்குள் சுமார் 3,59,000 கம்ப்யூட்டர்களைப் பிடித்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூன் மாதமே வெளியிட்டிருந்தது! 2003 ஜனவரியில் வந்த 'ஸ்லாமர்' பத்தே நிமிடத்தில் உலகம் சுற்றியது. அதற்கான திருத்தம் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. 2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்'. அதற்கும் ஒரு மாதம் முன்பே மருந்து வந்துவிட்டது. மூன்று முறையும் அதே கதைதான். மருந்து இருந்தது, யாரும் சாப்பிடவில்லை.

எனவே 2003 அக்டோபரில் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமையைத் திருத்தங்களுக்கான நாளாக மைக்ரோசாஃப்ட் வைத்தது. 2004 ஆகஸ்டில் விண்டோஸ் எக்ஸ்பியின் சர்வீஸ் பேக் 2, தானியங்கி அப்டேட்டைப் போட்டுக்கொள்ளச் சொல்லி எல்லோரையும் வற்புறுத்தியது. ஆக, இந்தப் பழக்கம் நல்ல காரணத்துக்காகத்தான் தொடங்கியது. இதை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

அடுத்து செல்போன். 2007ல் வந்த ஐபோனை அப்டேட் செய்ய, கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் ஐட்யூன்ஸோடு இணைக்க வேண்டும். கேபிளைச் செருகாதவரை ஆபத்தில்லை. ஆனாலும் 2007 செப்டம்பரில் 1.1.1 அப்டேட் வந்தபோது, வேறு நிறுவனத்தின் சிம் போடப் பூட்டை உடைத்திருந்த பல போன்கள் செங்கல் ஆகிவிட்டன. ஆப்பிள் முன்பே எச்சரித்திருந்தது என்பதும் உண்மை. 2008ல் வந்த முதல் ஆண்ட்ராய்ட் போனுக்கு அப்டேட் காற்றிலேயே வந்தது. 2011 அக்டோபரில் ஐஓஎஸ் 5 வந்ததும் ஐபோனுக்கும் கேபிள் தேவையில்லாமல் போயிற்று. 2013ல் ஐஓஎஸ் 7 செயலிகளைத் தானே புதுப்பித்தது. 2018ல் ஐஓஎஸ் 12 மொத்த இயங்குதளத்தையே ராத்திரியில் தானாக மாற்றிக்கொள்ளும் வசதியைத் தந்தது. கேபிள் போனதோடு நம் கையில் இருந்த கடைசித் தடுப்பும் போய்விட்டது.

இதற்கிடையில் நம்பிக்கை எப்படிக் கெட்டது என்று பாருங்கள்.

2012 செப்டம்பரில் ஐஓஎஸ் 6க்கு மாறியவர்கள் கூகுள் வரைபடத்தை இழந்து, பிழைகள் நிறைந்த ஆப்பிள் வரைபடத்தைப் பெற்றார்கள். டிம் குக் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. 2014 செப்டம்பரில் ஐஓஎஸ் 8.0.1, புத்தம் புதிய ஐபோன் 6ல் சிக்னலையே துண்டித்தது. சுமார் ஒரு மணி நேரத்தில் திரும்பப் பெற்றார்கள். 2016ல் விண்டோஸ் 10க்கு மாறச் சொல்லும் பெட்டியை மூடுவதற்காக எக்ஸ் குறியை அழுத்தினாலே சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது! கேட்காமல் வந்த அந்த மாற்றத்தால் தொழில் கெட்டது என்று கலிபோர்னியாவில் ஒருவர் வழக்குப் போட்டு 10,000 டாலர் வாங்கினார்.

பெரிய அடி 2017 டிசம்பரில் விழுந்தது. பழைய பேட்டரி உள்ள ஐபோன்களின் வேகத்தை அந்த வருட ஆரம்பத்தில் வந்த 10.2.1 அப்டேட் குறைத்தது என்பதை ஆப்பிள் ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்து போகாமல் இருக்கத்தான் என்றது. காரணம் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் வாங்கியவரிடம் சொல்லவில்லை. பேட்டரி மாற்றும் விலையை 79 டாலரிலிருந்து 29 ஆகக் குறைத்தார்கள். 2020ல் பிரான்ஸ் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது, அதுவும் 'சொல்லாமல் விட்டதற்காக'. அதற்கு முன்பே 2018ல் இத்தாலி, பழைய போன்களைத் தள்ளாட வைக்கும் அப்டேட்டுகளுக்காக ஆப்பிளுக்கு 1 கோடியும் சாம்சங்குக்கு 50 லட்சமும் யூரோ அபராதம் விதித்திருந்தது.

2025 ஜனவரியில் கூகுளின் பிக்சல் 4ஏ. தானாக வந்த அப்டேட்டுக்குப் பிறகு பலருடைய பேட்டரி சீக்கிரம் தீர ஆரம்பித்தது. இலவச பேட்டரி அல்லது 50 டாலர் தருகிறோம் என்றார்கள். பேட்டரி சூடாகித் தீப்பிடிக்கும் அபாயம் இருந்தது என்பது பிறகு ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையத்தின் அறிவிப்பில் வந்தது.

இதனால் மக்களும் வழி கண்டுபிடித்தார்கள். ஆண்ட்ராய்டில் 'டெவலப்பர் ஆப்ஷன்ஸ்' உள்ளே போய்த் தானியங்கி அப்டேட்டை அணைப்பது. ஆப்பிள் டிவிக்கான ஒரு ப்ரொஃபைலை ஐபோனில் போட்டு, தனக்கு அப்டேட்டே இல்லை என்று அதை நம்ப வைப்பது. வீட்டு ரவுட்டரில் அப்டேட் சர்வரின் முகவரியைத் தடுப்பது. ஒரு தடவை மாறிவிட்டால் திரும்ப வழியில்லை என்பதுதான் இவ்வளவு பாடுக்கும் காரணம். பழைய பதிப்புக்கு ஒப்புதல் கையெழுத்துத் தருவதை ஆப்பிள் சில வாரங்களில் நிறுத்திவிடும்.

அப்படியானால் எல்லாவற்றையும் அணைத்துவிடலாமா? இங்கேதான் 2017 மே மாதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 'வான்னக்ரை' இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளை முடக்கியது. சுமார் 19,000 நோயாளிகளின் மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். திருத்தம் மார்ச் மாதமே வந்திருந்தது. மறுபடியும் அதே கதை!

பாட்டியின் கேள்விக்கு என் பதில் இதுதான். தவறு அப்டேட்டில் இல்லை, இரண்டு வேறு பொருளை ஒரே பொட்டலத்தில் கட்டித் தருவதில் இருக்கிறது. ஓட்டையை அடைப்பது ஒன்று. பொத்தானை இடம் மாற்றுவது இன்னொன்று. முதலாவதற்கு அவசரம் உண்டு, இரண்டாவதற்குச் சம்மதம் வேண்டும். பிரித்துத் தர முடியாது என்பதும் இல்லை. 2015 ஆகஸ்டில் கூகுள் பாதுகாப்புத் திருத்தங்களை மாதந்தோறும் தனியாகத் தரத் தொடங்கியது. 2023 மே மாதத்தில் ஆப்பிளும் பாதுகாப்புக்கு மட்டுமான ஒரு குட்டித் திருத்தத்தை ஐபோனுக்கு அனுப்பியது.

பாட்டியின் போனில் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். போன் எடுக்கும் செயலிக்கு மட்டும், பிளே ஸ்டோரில் அதன் பக்கத்துக்குப் போய், மூன்று புள்ளியை அமுக்கி, தானியங்கி அப்டேட் குறியை எடுத்துவிட்டேன். மாதாந்திரப் பாதுகாப்புத் திருத்தத்தை நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துப் போடுகிறேன். ஏதாவது மாறினால் அங்கேயே காட்டிக் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் தொடங்கும் முன் அவரிடம் "போடட்டுமா பாட்டி?" என்று கேட்கிறேன்.

இத்தனை கம்பெனிகள் கேட்காததை, நாமாவது கேட்கலாம் இல்லையா?