பட்டமும் சமூகமும்: ‘சங்கீத கலாநிதி’ பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

கலைஞர் பெறும் விருதுகளைத் தனிமனிதத் திறமைக்கான அங்கீகாரமாக மட்டுமே கொள்வது நமது வழக்கம். ஆயின், வழங்குவோரது சமூகப் பார்வையைக் காட்டும் வரலாற்று ஆவணங்களாகவும் அவற்றை நாம் நோக்குதல் வேண்டும். சென்னை மியூசிக் அகாடமியின் ‘சங்கீத கலாநிதி’ப் பட்டம் இதற்குத் தக்க சான்றாகும்.

1927 இல் சென்னையிற் கூடிய காங்கிரஸ் மகாநாட்டையொட்டி இசை மகாநாடொன்று நடைபெற்றது. அதன் பேறாக 1928 இல் அகாடமி தோன்றியது. அரசவையும் கோயிலும் புரவலர் நிலையினின்று தளர்ந்துவந்த அக்காலத்தில், நகர்ப்புற மத்தியதர வர்க்கம் அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. ஆண்டு மகாநாட்டுக்குத் தலைமை தாங்கும் வித்துவானுக்கு 1942 முதல் இப்பட்டம் வழங்கப்படலாயிற்று.

பட்டம் பெற்றோர் வரிசை சிந்தனைக்குரியது. மிருதங்கக் கலைஞருள் முதல்வராகப் பாலக்காடு மணி ஐயர் அதனைப் பெற்றது 1966 இலேயே. பெண்ணொருவர், எம். எஸ். சுப்புலட்சுமி, அதனைப் பெற 1968 வரை காத்திருக்க நேர்ந்தது. நடனக் கலைஞர் பாலசரஸ்வதிக்கு அது 1973 இற் கிடைத்தது. இவ்விரு பெண்களும் தேவதாசி மரபிலே தோன்றியோர். அம்மரபு பேணிய கலையைச் ‘சாஸ்திரீய’மெனப் போற்றிய வர்க்கம், அதனைப் பேணியோரைத் தாமதித்தே ஏற்றது. நாதசுரம் முற்றாக ஒதுக்கப்பட்டதெனல் பொருந்தாது. 1956 இல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளை பட்டம் பெற்றார். எனினும், அவ்வாண்டிலேயே மறைந்த திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளைக்கு அது கிட்டவேயில்லை.

இசையுலகின் சாதி மேலாண்மையை விமர்சித்த டி. எம். கிருஷ்ணா 2024 இல் தெரிவு செய்யப்பட்டபோது, கலைஞர் சிலர் அம்மகாநாட்டைப் புறக்கணித்தனர். கலை யாருக்குரியது என்னும் வினா இன்னும் தீர்க்கப்படவில்லை என்பதையே இது உணர்த்துகின்றது. அவ்வினாவை எழுப்பாது எழுதப்படும் இசை வரலாறு, புரவலரின் வரலாறாகவே எஞ்சும்.