மலைமேற் பள்ளியும் மிஷனரிமார் மக்களும்

தமிழ்நாட்டிற்குத் தம் சமயத்தைப் பரப்ப வந்த மேனாட்டார் இரு திறத்தினராவர். 1606இல் மதுரை புகுந்த இராபர்ட்டு நோபிலியும் அவருக்குப் பின் வந்த வீரமாமுனிவரும் மனைவி மக்களின்றித் தமியராய் வந்தவர்கள். காவியுடுத்துப் புலாலுணவு நீத்தொழுகிய நோபிலியைத் துறவி என்று மதுரை மாந்தர் எளிதிற் கண்டுகொண்டனர். பட்டினத்தடிகளைப் போற்றும் நாட்டில் அக்கோலம் புதியதன்று. புரோட்டஸ்டாண்டு வகுப்பாரோ இல்லறத்தோடு வந்தனர். அவர்தம் சமயப்பணி தொட்டிலும் அடுப்பங்கரையும் கூடிய பணி. அதனால் அவர்க்கு நேர்ந்த இடர் ஒன்றுண்டு; அது முன்னை வகையினர் அறியாதது.

அமெரிக்க மிஷனார் 1816இல் யாழ்ப்பாணம் சேர்ந்து, பறங்கியர் ஒல்லாந்தர் காலத்துப் பழங்கோயில்கள் பாழ்பட்டுக் கிடந்த தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் குடியமர்ந்தனர். பெற்றோர் வீட்டிலிருந்து நாள்தோறும் வந்து மீளும் பிள்ளைகளின் உள்ளத்தை மாற்றுதல் அரிது என்று அவர் விரைவில் உணர்ந்தனர். மாலையில் வீடு திரும்பும் பிள்ளை நீறணிந்து விளக்கின்முன் நிற்குமன்றோ? ஆதலின் விடுதிப் பாடசாலைகளை நாட்டினர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவிலிற் பெண்பிள்ளைகள் விடுதிப் பாடசாலையும் தோன்றின. பாதிரிமார் வளவிற் சமைத்த சோற்றையுண்ணப் பிள்ளைகள் முதற்கண் மறுத்தனர், பெற்றோரும் அஞ்சினர். விடுதியிற் சேர்ந்த பிள்ளைகட்கு அமெரிக்காவிற் பொருளுதவிய செல்வர்களின் பெயர்களை இடுவதும் வழக்கமாயிற்று. கரோல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்டு சதாசிவம்பிள்ளை என்னும் புலவர்தம் பெயர்களின் முன்னொட்டு அவ்வழக்கின் எச்சமே. இல்லத்தினின்று பிரித்தாலன்றிப் பிள்ளை புதுநெறியில் நில்லாது என்பது அவர் கொள்கை.

அக்கொள்கை தம் மக்கள்பாலும் வந்து தாக்கும் என்பதை அவர் தொடக்கத்தில் எண்ணியிருப்பாரோ, அறியோம். தமிழ்நாட்டிற் பிறந்து ஆயாமார் மடியில் வளர்ந்து, ஆங்கிலத்திற்கு முன்னரே தமிழ் பேசிய தம் பிள்ளைகளை இந்நாட்டாரோடு இயைந்து வளரவிட அவர் உடன்பட்டிலர். வெப்பும் வாந்திபேதியும் ஒருபுறம் அச்சுறுத்தின. ஆகவே எட்டு, பத்துப் பிராயத்துப் பிள்ளைகள் கப்பலேறினர். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லும் பாய்க்கப்பல் அமெரிக்கா சேர நான்கைந்து திங்கள் ஆகும். பிள்ளை நலமுடன் சேர்ந்தது என்னும் கடிதம் திரும்பி வருவதற்குள் ஓராண்டு கழிவதும் உண்டு.

உடுவிற் பாடசாலையை நாட்டிய ஹாரியட் வின்சுலோ அம்மையாரின் வரலாறு இதற்குச் சான்று. அவர் கணவர் மிரன் வின்சுலோ 67,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ் ஆங்கில அகராதியை 1862இல் வெளியிட்டவர். தமிழ் கற்பார் பலர் இன்றும் அதனைப் புரட்டுவர். இவ்விருவர்க்கும் யாழ்ப்பாணத்திற் பிறந்த மகன் சார்லஸ் அமெரிக்காவிற்கு அனுப்பப்பட்டு, 1832இல், பதினொரு பிராயத்தில், நியூயார்க்கில் இறந்தான். 1833 சனவரியில் அம்மையாரும் உடுவிலிற் காலமாயினர். பிறர் மகளிர் பலரைத் தம் கூரையின்கீழ் வைத்து வளர்த்த தாய்க்குத் தன் மகன் இறுதிநாளில் அருகிருக்கும் பேறு வாய்த்திலது. அகராதியில் மகவு என்னுஞ் சொல்லுக்குப் பொருள் எழுதிய கை அத்தந்தையின் கையே என்பது, அந்நூலைப் பயன்கொள்வார் அறிந்திருக்கத்தக்கது.

பண்டத்தரிப்பில் மருத்துவராய் அமர்ந்த ஜான் ஸ்கட்டரின் பிள்ளைகளும் அவ்வாறே சென்றனர். அவர்தம் புதல்வர் எழுவர் பின்னர் மிஷனரிகளாய் இந்தியாவிற்கு மீண்டனர். அவருள் மூத்தவராகிய ஹென்றி மார்ட்டின் ஸ்கட்டர் 1822இற் பண்டத்தரிப்பிற் பிறந்து, சிறுவனாய் அமெரிக்கா சென்று, 1844இல் மீண்டு, பின்னர் ஆர்க்காடு மிஷனை நிறுவியவர். பிரிவு இவர்களைத் தளர்த்தவில்லை என்று மிஷன் நூல்கள் பெருமிதத்தோடு கூறும். மீளாதவரைப் பற்றி அந்நூல்கள் மிகுதியும் பேசா.

1834இல் யாழ்ப்பாண மிஷனின் கிளை மதுரையில் தோன்றியது. சில ஆண்டுகளுக்குள் இளந்தாய்மாரும் குழவிகளும் நோயால் இறந்துபட, தட்பமான இடம் நாடிச் சிறுமலையில் ஒரு பங்களா அமைத்துப் பார்த்தனர். 4,000 அடி உயரத்தும் மலைக்காய்ச்சல் விட்டபாடில்லை. பின்னரே வராககிரி எனப்படும் பழனிமலைத் தொடரின்மேல், ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள கோடைக்கானலில் 1845இல் இரண்டு வீடுகள் கட்டினர். 1863இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு ஓடைநீரைத் தேக்கி ஏரியாக்கினார். 1875இல் இருப்புப்பாதை அம்மையநாயக்கனூர் வரை எட்டிய பின்னும் அங்கிருந்து மலையடிவாரம் வரை 30 மைலுக்கு மேற்பட்ட வழியை மாட்டுவண்டியில் இராமுழுதும் கடந்து, பெரியகுளத்தையடுத்த தோப்பினின்று ஒற்றையடிப் பாதையில் ஏறவேண்டும். பாதிரிமார் மனைவியரும் குழந்தைகளும் டோலிகளிலும் நாற்காலிகளிலும் அமர்ந்து கூலியாட்களின் தோளில் ஏறினர். தட்டுமுட்டுகளும் தலைச்சுமையாய்ச் சென்றன. அச்சுமை தூக்கினார் பெயர்களை யாரும் எழுதி வைத்திலர்.

வேனிலில் இரண்டொரு திங்கள் மலைமேல் தங்கியும், பிள்ளைகளைக் கடல்கடத்தும் வழக்கம் அந்நூற்றாண்டின் இறுதிவரை நின்றபாடில்லை. 1901இற்றான் அதற்கு மாற்று ஏற்பட்டது. தம் மகனார் ஷெர்வுட் எட்டியைக் காண அமெரிக்காவினின்று வந்திருந்த மார்கரெட் எட்டி என்னும் கைம்மையுற்ற மூதாட்டியைத் தலைமையாசிரியராய் இருத்தி, ஹைகிளார்க் என்னும் பழைய ஓட்டற் கட்டடத்தில் 13 பிள்ளைகளோடு ஒரு பள்ளி திறந்தனர். தாய்முகங் காணாப் பிள்ளைகட்கு இவ்வம்மையார் பாட்டி போன்றிருந்தனர் போலும்.

அப்பள்ளியின் ஆண்டுமுறை கருதத்தக்கது. சமவெளியிலே வெயில் கொளுத்தும் சித்திரை வைகாசியில் தாய்மார் மலையேறி வாடகை வீடுகளில் தங்குவர். விடுதிப் பிள்ளைகள் அக்காலத்து விடுதி நீங்கித் தாயோடுறைந்து பள்ளிக்குச் செல்வர். தந்தையர் சின்னாட்களே வந்து மீள்வர். நீண்ட விடுமுறை பனிக்காலத்தது. அப்போது பிள்ளைகள் கீழிறங்கித் தத்தம் மிஷன் ஊர்களுக்குச் செல்வர். எஞ்சிய திங்கள்களில் மீண்டும் விடுதிவாழ்க்கைதான். ஆயினும் பிரிவு ஆண்டுக்கணக்கினின்று திங்கட்கணக்காய்க் குறைந்தது. கடல் நடுவண் இல்லாதொழிந்தது. பெற்றோரைப் பிரித்தல் பிள்ளைக்கு நன்று என்று யாழ்ப்பாணத்தில் வாதித்த கூட்டத்தார், தம் மக்கள் திறத்தில் அஃது ஆற்றவொண்ணாத் துயர் என்பதைச் சொல்லாற் கூறாது இப்பள்ளியாற் கூறினர் என்று கொள்ளலாம். இதனைக் குறையாகக் கூறுவதினும், தாய்மை எச்சமயத்தார்க்கும் ஒன்று என்பதற்குச் சான்றாகக் கொள்வதே நேர்மையாம்.

ஆனால் அம்மலைப்பள்ளி தமிழ்நாட்டின்மேல் இருந்ததேயன்றித் தமிழ்நாட்டுள் இருந்ததன்று. அமெரிக்கக் கல்லூரிகட்குப் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்வதே அதன் நோக்கம். ஆயாவிடம் மழலையிற் பேசிய தமிழ் அடுக்களையளவில் நின்றது. பிறநாட்டு மிஷனரிமார் மக்கட்கென்றே எழுந்த அப்பள்ளி, 1970களில்தான் கோடைக்கானல் சர்வதேசப் பள்ளி எனப் பெயர்பூண்டு பல நாட்டார்க்கும் உரித்தாயிற்று.

இப்பள்ளி தோன்றுமுன் பிரிவுற்றாருள் இருவர் இந்நாட்டார் மறவாதவர். ஒருவர், மதுரை மிஷனரியார் ஒருவரின் மகனார் ஜே. எஸ். சாண்ட்லர். யேல் பல்கலைக்கழகத்திற் பயின்று 1873இல் மதுரைக்கு மீண்ட இவரே, 1913இல் தொடங்கிய தமிழ்ப் பேரகராதிக்கு முதற்பதிப்பாசிரியராயினர். மற்றொருவர், 1870இல் இராணிப்பேட்டையிற் பிறந்த ஐடா ஸ்கட்டர். மேற்கூறிய பண்டத்தரிப்பு மருத்துவரின் பெயர்த்தி. தாயார் இந்தியாவிற்கு மீண்டபோது அமெரிக்காவில் விடப்பட்டு அழுதவர் இவர். மிஷனரி வாழ்க்கை தமக்கு வேண்டா என்றிருந்தவர். பின்னர் மணஞ்செய்யாது வேலூரில் மருத்துவமனையும், 1918இற் பெண்கட்கு மருத்துவப் பள்ளியும் நாட்டி, முதுமையிற் கோடைக்கானல் ‘ஹில்டாப்’ வீட்டில் ஒதுங்கி, 1960இல் அவ்விடத்தே காலமாயினர்.

அம்மலைக்கண் மற்றொரு மேனாட்டம்மையார் செய்தது வேறுவகை. மேனாட்டில் ஹாரிசன் என்னுங் குடிப்பெயரோடு பிறந்து, சைவநெறி சார்ந்து, சேர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து லீலாவதி எனப் பெயர்பூண்ட அவர், 1913இற் கணவர் யாழ்ப்பாணத்திற் சைவப் பெண்பிள்ளைகட்கென நிறுவிய இராமநாதன் கல்லூரியைத் தலைமை தாங்கி நடத்தியவர். உடுவில் மிஷன் பாடசாலைக்கு அஃது அணித்தே உள்ளது. அதுவும் விடுதியோடு கூடியதே, ஆயின் அங்குப் பிள்ளைகள் நீற்றோடு புகுந்து நீற்றோடு வெளிவந்தனர். அவ்வம்மையாரே கோடைக்கானலிற் குறிஞ்சியாண்டவர் கோயிலை 1936இல் எடுப்பித்தனர். வானந் தெளிந்த நாளில் அக்கோயிலினின்று நோக்கினால், வடக்கே தாழ்வில் பழனி தோன்றும்.