நத்தம் என்னும் வெற்றிடம்: புத்தூர், திருப்பதி வட்டாரத்தில் மறைந்த தெருக்களும் பத்திரங்களின் சாட்சியமும்

மூதாதையர் குடியிருந்த தெருவைத் தேடுகிறவர் முதலில் பழைய வரைபடம் எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்கிறார். இங்கிலாந்தில் அது பொருத்தமான கேள்வி. 1836ஆம் ஆண்டின் தசமபாக வரிச் சட்டத்தை ஒட்டிப் பல ஊர்களுக்கு வரையப்பட்ட படங்கள் வீடு, தோட்டம், உரிமையாளர் என்று அங்கே பிரித்துக் காட்டுகின்றன. சென்னையிலும் அது ஓரளவு பலிக்கும்; 1822இல் ரேவன்ஷா தயாரித்த நகரப் படத்தை வைத்து ஜார்ஜ் டவுன் தெருக்களை இன்றும் அடையாளம் காணலாம். ஆனால் இதே வழியை ஆந்திரத்தில் திருப்பதி வட்டாரத்திலுள்ள புத்தூருக்கோ, அதைச் சுற்றியுள்ள நாராயணவனம், நகரி, கார்வேட்டிநகரம் பகுதிகளுக்கோ கொண்டுவந்தால் கைக்கு ஒன்றும் சிக்காது. இங்கே தெரு தரையிலிருந்து அழிவதற்கு முன்பே காகிதத்திலிருந்து விடுபட்டுவிட்டது என்பதும், அதை மீட்கும் வழி வரைபடத்தில் அல்ல, கிரயப் பத்திரங்களின் எல்லைக் குறிப்புகளில் இருக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வரைபடங்கள் இல்லாமல் இல்லை. இந்திய நில அளவைத் துறையின் தாள்களில் புத்தூர் 57 ஓ/11இலும், திருப்பதி 57 ஓ/6இலும் வருகின்றன. ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிய பழைய பதிப்புகளில் மலை, ஏரி, ஓடை, வண்டிப்பாதை, 1871 முதல் சென்னையைப் பம்பாயோடு இணைத்த ரயில்பாதை எல்லாம் தெளிவாகத் தெரியும். ஊர் மட்டும் சின்னச் சின்னக் கட்டங்களின் குவியலாகவே நிற்கும். அடுத்த படியான கிராமப் படம் ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம் என்ற அளவில் வரையப்பட்டது. புஞ்சை, நஞ்சை ஒவ்வொன்றும் புல எண்ணோடு கோணம் தப்பாமல் அதில் இருக்கும். குடியிருப்பு மட்டும் பொதுவாக ‘கிராம நத்தம்’ என்று ஒரே எண்ணில் அடைக்கப்பட்டிருக்கும். காரணம் எளிது. 1858இல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய வருவாய் நில அளவையின் நோக்கம் தீர்வை நிர்ணயம். வீட்டுமனைக்குத் தீர்வை இல்லை. தீர்வை இல்லாத இடத்தில் சங்கிலி பிடித்து அளக்க எந்த அதிகாரிக்கும் அவசியம் இல்லை. மனிதர்கள் நெருக்கமாக வாழ்ந்த இடமே அரசின் படத்தில் மிக வெறுமையான இடமாகிப்போனது இதனால்தான்.

புத்தூர் விஷயத்தில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. அது கார்வேட்டிநகரம் ஜமீனுக்குட்பட்ட ஊர். நிரந்தர ஒப்பந்தப்படி ஜமீன்தார் பேஷ்குஷ் என்னும் நிலையான கப்பத்தைக் கட்டிவிட்டால், உள்ளே யார் எந்த மனையில் இருக்கிறார் என்று கிழக்கிந்தியக் கம்பெனி கேட்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், குடியானவர் அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டிய ரயத்துவாரி கிராமங்களில் நடந்த அரசு அளவை, பெரும்பாலான ஜமீன் கிராமங்களை எட்டவில்லை. 1908ஆம் ஆண்டின் எஸ்டேட் நிலச் சட்டம் உரிமைப் பதிவேடு தயாரிக்க வழி செய்தது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் முறையான அளவையும் செட்டில்மென்டும் வேகம் பிடித்தன. அதாவது 1860களில் இங்கிருந்து கிளம்பிய ஒரு குடும்பத்தின் ஊருக்கு, அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் காலத்தில்தான் சர்க்கார் படம் கிடைத்திருக்கும். சற்றுத் தள்ளியிருக்கும் திருப்பதியின் கதை வேறு. அது ரயத்துவாரி முறை நிலவிய சந்திரகிரி தாலுகாவைச் சேர்ந்தது. 1886இல் நகராட்சியும் ஆனது. நகராட்சி வந்தால் வீட்டுவரி வரும், வீட்டுவரி வந்தால் வார்டும் கதவு எண்ணும் வரும். ஆகவே ஒரே வட்டாரத்தில், அண்டை ஊர்களில், ஒன்றின் தெரு பதிவேட்டில் ஏறியது. மற்றொன்றின் தெரு ஏறவில்லை. ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டியது ‘எந்த ஆண்டு?’ என்பதல்ல, ‘யாருக்கு வரி கட்டிய ஊர்?’ என்பதுதான்.

சர்க்கார் அளவைக்கு முன்பு தெருவே எழுத்தில் வரவில்லையா என்றால், வந்தது. கோயில் வழியாக வந்தது. திருமலை, திருப்பதிக் கோயில் கல்வெட்டுகளை சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலானோர் படியெடுத்து, தேவஸ்தானம் 1930களில் ஆறு தொகுதிகளாக வெளியிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அக்கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். கொடையாளியின் தந்தை பெயர், கோத்திரம், சூத்திரம், ஊர் என்று ஒருவரை நிலைநிறுத்தும் விதத்தில் அவை பின்னாளைய பத்திரங்களுக்கு முன்னோடி. விஜயநகரத்து அச்யுதராயர் காலத்தில், 1530களில், கபில தீர்த்தத்தை ஒட்டி அச்யுதப் பெருமாள் கோயிலும் அச்யுதராயபுரம் என்னும் அக்கிரகாரமும் எழுந்தன. இன்று அந்தக் குடியிருப்பின் தெருக்கள் தரையில் இல்லை. அவை இருந்த செய்தி கல்லில் இருக்கிறது. மலைமேல் நிலைமை இன்னும் கூர்மையானது. 1870 வரை ஐரோப்பியர் எவரும் திருமலை ஏறியதில்லை என்று அக்காலத்து அரசு நூல்களே சொல்கின்றன. எனவே மாடவீதிகளுக்கும் சன்னிதித் தெருவுக்கும் வெள்ளைக்கார அதிகாரி நேரில் நின்று வரைந்த பழைய படத்தை எதிர்பார்க்க இடமில்லை. கம்பெனி காலத்துத் திருமலையை அறிய உள்ளூர்க் கணக்கர்கள் எழுதிய பைமாயிஷ் (அளவை) கணக்கு போன்ற ஆவணங்களையே நாட வேண்டும். 1944இல் மலைப்பாதை திறந்த பின் கூட்டம் பெருகியது. வீதியை அகலப்படுத்துவதற்காகக் கோயிலை ஒட்டிய வீடுகளும் கடைகளும் அகற்றப்பட்டன. 1464இல் சாளுவ மல்லதேவன் கட்டியதாகச் சொல்லப்படும் ஆயிரங்கால் மண்டபமே 2003இல் இடிக்கப்பட்டது. மண்டபத்துக்காக எழுந்த குரல், அதற்கு முன்பே கலைந்த தெருக்குடிகளுக்காக அவ்வளவாக எழவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் கல்வெட்டு கொடையாளிக்கும் கோயில் பணியாளருக்கும் மட்டுமே இடம் கொடுக்கும். சாதாரணக் குடும்பத்தின் வீடு முதன்முதலாகத் தொடர்ச்சியாக எழுத்தில் ஏறியது பத்திரப் பதிவு வந்த பிறகு, 1860களில் இருந்து. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்து 21ஆம் பிரிவை வழக்கறிஞர்கள் தவிர வேறெவரும் படிப்பதில்லை. மூதாதையரைத் தேடுகிறவர்கள் படிக்க வேண்டிய பிரிவு அது. நகரத்து வீடு என்றால் அது தெருவின் வடபுறமா தென்புறமா, எந்தத் தெருவைப் பார்த்தது, இப்போது அதில் யார் இருக்கிறார், முன்பு யார் இருந்தார், எண் இருந்தால் என்ன எண் என்று எழுதச் சொல்கிறது சட்டம். மற்ற இடங்களில் உள்ள வீடும் நிலமும் என்றால், அவை ஒட்டி நிற்கும் பாதைகளையும் அடுத்த சொத்துகளையும், இப்போது அனுபவிப்பவரையும் குறிக்கச் சொல்கிறது. நத்தத்தை ஒரே எண்ணாக்கிய அதே அரசு, இன்னொரு அலுவலகத்தில் ஒவ்வொரு வீட்டையும் நாலு பக்கமும் விவரிக்க வைத்தது. இந்த விவரத்தைத்தான் பத்திர எழுத்தர்கள் செக்குபந்தி என்கிறார்கள்.

செக்குபந்தியைப் படிக்கப் பழக்கம் வேண்டும். ‘இன்னார் வீட்டுக்கு மேற்கு’ என்று இருந்தால், அந்த இன்னார் வீடு விற்கப்பட்ட மனைக்குக் கிழக்கே இருக்கிறது என்று பொருள். அவசரத்தில் படிப்பவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டு தெருவையே திருப்பிப் போட்டுவிடுவதுண்டு. ‘தெருவுக்குத் தெற்கு’ என்றால் வீடு தெருவின் தென்சிறகில், வடக்குப் பார்த்து இருக்கிறது. சந்து, பொதுச்சுவர், கிணற்றடி, பெருமாள் கோயில் மதில், வண்டிப்பாட்டை என்று அசையாத அடையாளங்களும் இடையிடையே வரும். இப்போது கிழக்கு எல்லையில் வந்தவர் தம் வீட்டை விற்ற அல்லது அடமானம் வைத்த பத்திரத்தைத் தேடினால், அதன் மேற்கு எல்லையில் நம் குடும்பத்துப் பெயர் வர வேண்டும். கிழக்கில் புதிய பெயர் வரும். சரம் தொடுப்பதுபோல் இப்படியே பக்கத்து வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கு நகர்ந்தால், வரைபடம் ஏதுமில்லாமல் ஒரு சிறகு முழுவதும் எழுந்து வந்துவிடும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்துப் பத்திரங்களைப் பதியும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம் என்று 57ஆம் பிரிவு சொல்கிறது. அட்டவணையில் ஒன்று ஆள் பெயர்ப்படி, மற்றொன்று சொத்து இருக்கும் இடத்தின்படி. தெருவைத் தேடுகிறவருக்கு இரண்டாவதுதான் உதவும்.

இதற்குச் சொல்லப்படும் மறுப்பு ஒன்று வலுவானது. பத்திர எழுத்தர் பழைய மூலப்பத்திரத்தைப் பார்த்து எல்லைகளை அப்படியே இறக்கிவிடுவார். நாற்பது ஆண்டுக்கு முன் செத்துப்போனவரின் பெயர் புதிய பத்திரத்திலும் அண்டை வீட்டுக்காரராக உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட சாட்சியத்தை எப்படி நம்புவது? வழக்கு நடத்துகிறவருக்கு இது குறைதான். வரலாறு தேடுகிறவருக்கு இதுவே ஆதாயம். ஒரு பெயர் முதன்முதலில் தோன்றும் பத்திரத்தைத் தேதிக்கு எடுத்துக்கொண்டு, பின்வருவனவற்றைப் படியெடுப்பாகக் கருதினால் போதும். இறந்தவர் பெயர் பத்திரத்தில் தங்கிப்போனதால்தான் அவர் வீடு இருந்த இடம் இன்று நமக்குத் தெரிகிறது. இரண்டு சொத்துகளின் பத்திரங்கள் ஒன்றையொன்று எல்லையாகக் காட்டினால் அந்த இணைப்பு உறுதி. ஒருபுறம் மட்டும் காட்டினால் ஊகம். இந்த வேறுபாட்டைக் குறித்துக்கொண்டே போனால் தவறு பெருகாது.

மற்றொரு மறுப்பு இதைவிட ஆழமானது; அதற்கு முழு விடை என்னிடம் இல்லை. நூறு ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்குப் பதிவு கட்டாயமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூரைவீட்டு மனை எத்தனை நூறு ரூபாய்க்குப் போயிருக்கும்? மனையே சொந்தமில்லாதவர்களுக்குப் பத்திரம் ஏது? இங்கே ஒரு முரண் தென்படுகிறது. தமிழ் மாவட்டங்களின் கிராமக் கணக்குகளில் ஊர் நத்தம் வேறு, சேரி நத்தம் வேறு என்று பிரித்து எண் கொடுப்பதுண்டு. அக்கிரகாரத்துக்குப் பெயர்கள் இருந்தன, படம் இல்லை. சேரிக்குப் படத்தில் எல்லை இருந்தது, பெயர்கள் இல்லை. ஓரளவு கைகொடுப்பது, மானிய நிலங்களின் உரிமையை ஆராய 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகள். பிராமண இனாம், தேவதாய மானியம் மட்டுமல்ல, தலையாரி, வெட்டியான் போன்ற ஊழிய மானியங்களும் அவ்வகை ஏடுகளில் வருகின்றன. அனுபவிப்பவரின் பெயர், வயது, முன்னோர் உறவு என்று சில தலைமுறைகள் கிடைக்கலாம். கடல் கடந்தவர்களுக்கு வேறொரு ஏடு இருக்கிறது. 1860இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் போகத் தொடங்கியது முதல் எழுதப்பட்ட பயணிகள் பட்டியல்களும், 1903 முதல் சென்னையிலிருந்து பிஜிக்குச் சென்றவர்களின் குடியேற்றச் சீட்டுகளும் தந்தை பெயர், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் வரை தருகின்றன, தெருவைத் தருவதில்லை. கிராமத்தோடு நின்றாலும் சாதிக் குறிப்பையும் நத்தப் பிரிவையும் சேர்த்துப் பார்த்தால் ஊரின் எந்தப் பக்கம் என்பதையாவது சொல்ல முடியும். டர்பனில் இருந்துகொண்டு தேடுபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: புத்தூர் என்ற பெயரில் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் யாழ்ப்பாணத்திலும் ஊர்கள் உண்டு. சீட்டில் வட ஆற்காடு என்று இருந்தால்தான் இந்தப் புத்தூர் என்ற பேச்சே எழும். சித்தூர் மாவட்டம் 1911இல்தான் பிறந்தது என்பதால், அதற்கு முந்தைய சீட்டில் சித்தூர் ஜில்லாவைத் தேடிப் பயனில்லை.

எல்லைகள் நகர்ந்த கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1953இல் சித்தூர் மாவட்டம் ஆந்திரத்தோடு போனது. ஆந்திர–சென்னை எல்லைத் தகராறு பற்றிய படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகளும் புத்தூர், சித்தூர் தாலுகாக்களின் சில கிராமங்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. 2022இல் புத்தூர் புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போக, பழைய ஜமீன் தலைநகரான கார்வேட்டிநகரம் சித்தூரிலேயே தங்கியது. ஆகவே ஒரே ஜமீனின் கிராமங்களுக்கான காகிதம் இன்று இரு மாநிலங்களில், சில தமிழிலும் சில தெலுங்கிலும், பிரிந்து கிடக்கிறது. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரியத்தின் நடவடிக்கைகளைப் பார்த்துவிட்டு, ‘எங்கள் ஊர் இதில் இல்லை’ என்று திரும்புகிறவர் பாதி வழியில் திரும்புகிறவர்.

2020இல் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தின்கீழ் ட்ரோன்கள் பறந்து கிராமக் குடியிருப்புகளை வீடு வீடாகப் படமெடுக்கின்றன. நூற்றைம்பது ஆண்டாக வெறுமையாக விடப்பட்ட நத்தம், மனைவிலை ஏறிய பிறகு அளக்கத் தகுந்த இடமாகிவிட்டது. இனி வரைபடமே போதும், பத்திரச் சரம் எதற்கு என்று கேட்கலாம். ட்ரோன் இன்றிருக்கும் கூரையைத்தான் பார்க்கும். சாலை விரிவுக்குப் போன சிறகையும், இரண்டு மனை ஒன்றாகி எழுந்த மாடிவீட்டின் பழைய நடுச்சுவரையும் பார்க்காது. ஆனால் பத்திரங்களில் வரும் கோயில் மதில், கிணறு, ஏரிக்கரை ஆகியவற்றின் துல்லியமான இடத்தை அது தருகிறது; இதுவரை காகிதத்தில் மிதந்துகொண்டிருந்த சரத்தை அந்தப் புள்ளிகளில் கட்டி நிறுத்த முடியும். அதற்கு முதலில் 1983க்கு முந்தைய பதிவுப் புத்தகங்கள் படிக்கும் நிலையில் இருக்க வேண்டும். அவற்றைத் தேடக் கணினி வில்லங்கச் சான்று உதவாது. சார்பதிவாளர் அலுவலகத்து இரண்டாம் அட்டவணையை ஏடு ஏடாகப் புரட்டத்தான் வேண்டும்.